மின்சாரச் சரக்கு வண்டிக்குக் கூடுதல் பட்டை போடலாமா?

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 600 கிலோ சுமைக்கான மின்சாரச் சிறு சரக்கு வண்டி. வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. படுகையிலிருந்து வாழைத்தாரைத் தஞ்சாவூர் சந்தைக்கும், அறுவடைக் காலத்தில் களத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கும் கொண்டுபோகிறார். சுமை ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. வாய்க்கால் மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது அடியில் 'டங்' என்று இடிக்கிறது. பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங்கில், அதாவது அடுக்கடுக்கான இரும்புப் பட்டைத் தொகுப்பில், பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு அங்குல இரும்புக் கட்டை வைத்து உயர்த்திவிடலாம் என்று ஊர்ப் பட்டறையில் சொல்கிறார்களாம். மழைக்காலத்தில் பேட்டரியும் தண்ணீரிலிருந்து தப்பிக்கும் என்கிறார்களாம். "இருபது மூட்டைதான் ஏற்றுகிறேன் அண்ணே, செய்யலாமா?" என்பது கேள்வி.

தம்பி, இரண்டு பட்டை வேண்டாம். இரும்புக் கட்டை வேண்டவே வேண்டாம். சுமை ஏறிய பிறகே தொட்டுத் தாங்கும் ஒரே ஒரு துணைப் பட்டை உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். அதையும் நான் சொல்கிறபடி அளந்து பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். கும்பகோணத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஸ்பிரிங் பட்டை வேலை செய்கிறேன். லாரி, டிராக்டர் டிப்பர், வேன் என்று பார்த்த கைக்கு, கடந்த மூன்று ஆண்டுகளாக மின்சார வண்டிகளும் வருகின்றன. டீசல் வண்டியில் பழகிய வழக்கத்தை அப்படியே இதில் போட்டுப் பார்த்துக் கெட்டுப்போன வண்டிகளையும் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இருபது மூட்டையைப் பார்ப்போம். கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுத் தைக்கும் சிப்பம் 40 கிலோ. நம் மனத்தில் அந்த எண் பதிந்துவிட்டது. ஆனால் களத்திலிருந்து நீங்கள் ஏற்றிப் போவது வீட்டுச் சாக்கு. அதில் வாய் கட்டும் அளவுக்கு நிரப்பினால் 60 கிலோவைத் தாண்டும். குறுவை அறுப்பில் மழையோடு மழையாக அள்ளிய ஈர நெல்லாக இருந்தால் இன்னும் ஏறும். மூட்டைக்கு 62 கிலோ என்றே வையுங்கள். இருபது மூட்டை 1,240 கிலோ. உங்கள் வண்டி சுமக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வாழைத்தாரிலும் இதே கதைதான். பூவன் தார் ஒன்று 15 கிலோ என்று கொண்டால், அறுபது தார் 900 கிலோ ஆகிவிடும். தாரை எண்ணித்தான் ஏற்றுகிறோம். யாரும் நிறுத்து ஏற்றுவதில்லை. ஒரே ஒரு நாள், வழக்கமாக ஏற்றுகிற சுமையோடு எடைமேடையில் ஏறிப் பாருங்கள். முழு வண்டியை ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை. பின் அச்சில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

சுமையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் எடைக்குச் சமமான கேள்விதான். இந்த வகைச் சிறு வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.1 மீட்டர் தூரம் என்று கொள்ளுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் அரை மீட்டரில் 100 கிலோவை வைத்தால், பின் அச்சில் ஏறுவது 124 கிலோ. முன் அச்சிலிருந்து 24 கிலோ குறைந்துவிடும். தாரை வால்பலகைக்கு வெளியே நீட்டி அடுக்கிக் கயிறு கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிக் கட்டிய வண்டியில் பின் பட்டை கூடுதலாக அமுங்குகிறது, முன் சக்கரமோ பிடிமானம் இழக்கிறது. ஸ்டியரிங் 'லேசாக' இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கனமான தார்களை கேபினை ஒட்டி அடுக்கிவிட்டு, இலைக்கட்டு, பூ, காய் போன்றவற்றைப் பின்னால் வைத்தாலே பாதி பிரச்சினை காசு செலவில்லாமல் தீரும்.

அடுத்தது பட்டையை அளப்பது. இதற்குப் பட்டறை தேவையில்லை; உங்கள் களமே போதும். தராசில் நிறுத்துச் சரியாக 40 கிலோ வீதம் பதினைந்து மூட்டை கட்டிக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின் சக்கரத்துக்கு உட்புறம் குனிந்து பார்த்தால், அச்சுக்கு நேர் மேலே சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு கறுப்பு ரப்பர் தொங்கும். பட்டை முழுதும் அமுங்கும்போது அச்சு வந்து முட்டும் இடம் அதுதான். அச்சுக்கும் அந்த ரப்பருக்கும் இடையே உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து எழுதுங்கள். பிறகு ஐந்து மூட்டை, பத்து, பதினைந்து என்று தளம் முழுக்கப் பரவலாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளவைக் குறியுங்கள்.

உங்களுடையதைப் போன்ற ஒரு வண்டியில் நான் குறித்த அளவு இது: காலியாக 95 மில்லிமீட்டர், ஐந்து மூட்டைக்கு 78, பத்துக்கு 61, பதினைந்துக்கு 44. அதாவது 200 கிலோவுக்கு 17 மில்லிமீட்டர் வீதம் சீராக இறங்குகிறது. இது நல்ல பட்டை. குறை சொல்ல ஒன்றுமில்லை. 600 கிலோவிலும் பள்ளம் மேட்டுக்கு 44 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது. இதே வண்டியில் 1,240 கிலோ ஏற்றினால் 105 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இருப்பதோ 95. நின்ற நிலையிலேயே அச்சு ரப்பரில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்பிரிங் என்று ஒன்று இல்லவே இல்லை; சாலையின் ஒவ்வொரு அடியும் நேரே சேசிஸுக்குப் போகிறது. உங்களுக்குக் கேட்கிற 'டங்' அந்தச் சத்தம்தான். ரப்பரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தேய்ந்து பளபளத்திருந்தால், அல்லது வெடித்துப் பிளந்திருந்தால், சந்தேகமே வேண்டாம்.

காலி வண்டியிலேயே இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அது வேறு நோய். ஒரு பக்கப் பட்டை சோர்ந்திருக்கிறது அல்லது உள்ளே ஒன்று முறிந்திருக்கிறது. அப்போது பட்டை சேர்ப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. இருபுறமும் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலேயே புதுப்பட்டை மாற்ற வேண்டும்.

இரண்டு பட்டை சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நம் தாத்தா காலத்தில் இரண்டு வகை மாட்டுவண்டி இருந்தது. மூட்டை ஏற்றுவதற்குக் கட்டை வண்டி. அச்சின் மேல் சட்டம் நேராக உட்கார்ந்திருக்கும். பெண்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அழைத்துப்போக வில்வண்டி. அந்த 'வில்' என்பது வேறொன்றுமில்லை, அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இருந்த இதே இரும்புப் பட்டைதான். தேவைக்கு மேல் பட்டை அடுக்குகிறவர் வில்வண்டியைக் கட்டை வண்டியாக மாற்றுகிறார்.

கணக்காகவும் சொல்லிவிடுகிறேன். நான்கு பட்டை உள்ள தொகுப்பில் அதே தடிமனில் இரண்டைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். தடிமன் கூடிய பட்டை போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் அந்தப் பட்டை கிட்டத்தட்ட ஐம்பது சதவீதம் விறைப்பாகிவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. நான் அளந்த அந்த வண்டியில், காலியாக இருக்கும்போது வண்டியின் சொந்த எடைக்குப் பின் பட்டை சுமார் 37 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. அப்படிப்பட்ட ஸ்பிரிங் நொடிக்கு 2.6 முறை ஆடும். விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால் 3.2 முறை ஆகிவிடும். மேலும் கீழுமான அதிர்வில் மனித உடல் மிக அதிகமாக வருந்துவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரை. அந்த எல்லையை நோக்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறோம். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்கு ஏற்றபடி இருப்பதால், புதிய துள்ளலை அதால் அடக்கவும் முடியாது.

யோசித்துப் பாருங்கள், உங்கள் வண்டி ஓடுகிற தூரத்தில் பாதி, காலியாகத் திரும்பி வருகிற தூரம். டெல்டாவின் களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தார்ச்சாலை இரண்டு மழைக்காலத்துக்குள் அலை அலையாக நெளிந்துவிடும். ஓரம் பிய்ந்து வாய்க்கால் பக்கம் சரியும். அந்தச் சாலையில் விறைத்த பட்டையோடு காலி வண்டி ஓடினால் பின் சக்கரம் தரையில் நிற்காது. டீசல் வண்டியில் இதனால் இடுப்பு வலிக்கும், போல்ட் கழலும், அவ்வளவுதான். மின்சார வண்டியில் அந்த அதிர்வு போய்ச் சேருகிற இடம் பேட்டரி. பேட்டரியைச் சேசிஸில் பிடித்திருக்கும் தாங்கிகள், செல்களை இணைக்கும் தகடுகள், ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு முனைகள் எல்லாமே அதற்குள் ஆடுகின்றன. தயாரிப்பாளர் தம் பட்டையின் விறைப்பைக் கணக்கில் வைத்துத்தான் அந்தத் தாங்கிகளை வடிவமைத்திருக்கிறார்.

பழத்துக்கும் இது பொருந்தும். விறைத்த வண்டியில் வந்த பூவன் தாரில் அடி வரிசைச் சீப்பு இரண்டாம் நாளே கறுக்க ஆரம்பிக்கும். சந்தையில் வியாபாரி விலையைக் குறைப்பது அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான். அடியில் எவ்வளவு சருகு பரப்பினாலும் அச்சின் அடியைச் சருகு தாங்காது.

இனி மின்சார வண்டிக்கே உரிய விஷயங்கள். ஊர்ப் பட்டறையில் இவற்றைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. டீசல் வண்டியில் இவை இந்த அளவுக்குத் தேவைப்பட்டதில்லை.

முதலாவது, முறுக்கு. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையையும் தரும். சேற்றில் நின்ற வண்டியை மிதித்துக் கிளப்பும்போது அச்சு தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பட்டைதான். அப்போது பட்டை ஒரு பாம்பைப் போல நெளிகிறது. காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்புகிறது. அச்சு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை மிதித்து எடுக்கிறீர்களோ, அத்தனை முறை இப்படியும் அப்படியுமாகப் பட்டை முறுக்கப்படுகிறது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு அங்குல இரும்புக் கட்டையை வைத்தால், அந்த முறுக்குக்கு நெம்புகோல் போல நீளம் கொடுத்துவிடுகிறோம். பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யு போல்ட் நீள்கிறது, தளர்கிறது, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்படுகிறது.

போன தை மாதம் என்னிடம் ஒரு வண்டி வந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இப்படிக் கட்டை வைத்து ஏழு மாதம் ஓட்டியிருந்தார்கள். ஓட்டுநர் சொன்ன குறை, "நேராகப் பிடித்தாலும் வண்டி நண்டு மாதிரிப் போகிறது." தூக்கிப் பார்த்தேன். இடது பக்கம் சென்டர் போல்ட் தலையோடு முறிந்து, அச்சு 12 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்ந்திருந்தது. பட்டைக்கும் இரும்புக் கட்டைக்கும் நடுவே விரலை விட்டு எடுத்தால், செம்பொடி போல மைய அரைந்த துரு ஒட்டியிருந்தது. இரும்போடு இரும்பு உரசித் தேய்ந்தால்தான் அந்தப் பொடி வரும். யு போல்ட்டின் மரை, கீழே நெருக்கமாகவும் நடுவில் அகன்றும் இருந்தது. போல்ட் நீண்டுவிட்டதற்கு அடையாளம். எந்த வளைவிலாவது அது அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில்தான் அவர் தம் இரண்டு பிள்ளைகளையும் காலையில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார்.

இரண்டாவது, பிரேக். பல சிறு சரக்கு வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்ப மாற்றுகிற ஒரு வால்வு உண்டு. பின் அச்சிலிருந்து ஒரு சிறு கம்பி மேலே சேசிஸுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள உயரம்தான் அதற்குத் தெரிந்த ஒரே செய்தி. உயரம் குறைந்தால் சுமை இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். உயரம் அதிகமாக இருந்தால் காலி வண்டி என்று குறைத்துவிடும். கட்டை வைத்தோ பட்டை சேர்த்தோ வண்டியை உயர்த்தினால், 600 கிலோ சுமையோடு போகும்போதும் அந்த வால்வு காலி வண்டி என்றே நினைக்கும். பிரேக் மிதித்தால் பின் சக்கரம் போதுமான அளவு பிடிக்காது, முழு பாரமும் முன் பிரேக்கில் விழும். டீசல் வண்டிக்கும் இது பொருந்தும் என்றாலும், மின்சார வண்டியில் பேட்டரியின் எடையும் சேர்ந்துகொள்கிறது. பட்டை வேலை செய்கிறவர் அந்தக் கம்பியைத் தொடுகிறாரா, அதன் அளவை மறுபடி சரிசெய்யத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

மூன்றாவது, வெல்டிங். துணைப் பட்டைக்குத் தாங்கி வைக்கிறேன் என்று சேசிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். வெல்டிங் மின்னோட்டம் திரும்பிப் போகும் வழியில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பேட்டரி மேலாண்மைச் சுற்றும் இருக்கின்றன. சேசிஸில் துளை போடுவதும் கூடாது. சட்டத்துக்கு மறுபுறம் என்ன கேபிள் போகிறது என்பது துளையிடுகிறவருக்குத் தெரியாது. பட்டையின் மேலும் வெல்டிங் வைக்கக் கூடாது, கேஸ் நெருப்பில் காட்டி வளைக்கவும் கூடாது. பட்டைக்கு வலு கொடுப்பதே அதன் வெப்பப் பதம்தான். நெருப்புப் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், அங்கேதான் முறியும். பழைய பேருந்துப் பட்டையை நெருப்பால் வெட்டிப் பொருத்துகிற வேலையும் இதே வகைதான்; வெட்டிய விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். மலிவாகக் கிடைக்கிறது என்று இதைச் செய்யாதீர்கள் தம்பி, கை எடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தண்ணீர் விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பிச் சாலை மேல் ஓடும். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த இரும்புக் கட்டை உயர்த்துவது சேசிஸையும் அதில் தொங்குகிற பேட்டரியையும் மட்டும்தான். பட்டைக்குக் கீழே இருக்கும் எதுவும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. சில மின்சார வண்டிகளில் மோட்டார் அச்சோடு சேர்ந்தே இருக்கிறது. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், தண்ணீரில் முதலில் நனைகிற மோட்டார் பழைய உயரத்திலேயேதான் இருக்கும். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தண்ணீர் புகாமல் தாங்கியது என்று பொருள். அது புதுப் பெட்டிக்குச் செய்த சோதனை. கல் அடித்த, அதிர்வில் தளர்ந்த பெட்டிக்கு அந்த உத்தரவாதத்தை நீட்ட முடியாது. என் கணக்கு எளிமையானது: சக்கரத்தின் நடுக்குமிழைத் தண்ணீர் தொடும் என்று தெரிந்தால் அந்த வழியே போக வேண்டாம். தவறிப் போய்விட்டால், வண்டியை மேட்டில் நிறுத்தி அடிப்பகுதியைத் தண்ணீர் வடிய விட்டு, இணைப்பு முனைகளை ஆள் வைத்துப் பார்த்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

உயர்த்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாய்க்கால் கரைச் சாலை ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். வைக்கோலோ தாரோ தலைக்கு மேலே அடுக்கிய வண்டியில் இரண்டு அங்குலம் கூட்டினால், சாய்கிற வண்டி கவிழ்வதற்கு அவ்வளவு நெருங்கிவிடும். படுகைப் பாதையில் இருந்து கரையேறும் திருப்பத்தை நினைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ரிவியன் ஆர்1டி போன்ற அமெரிக்க மின்சாரப் பிக்கப்பில் இருப்பது காற்று ஸ்பிரிங். ஓட்டுநர் விசையை அழுத்தினால் வண்டி தானே உயரும், தாழும். 2022-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில் பின்பக்கம் பட்டையே கிடையாது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகச் சுருள் ஸ்பிரிங்கில் நிற்கிறது. அவற்றுக்குக் கிடைக்கும் உயர்த்தும் தொகுப்பைப் பார்த்து நம் வண்டிக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. எடையும் வேறு, அமைப்பும் வேறு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அனுமதியில்லாத திருத்தத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிகச் சுமைக்கு 194-ஆம் பிரிவு: 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பட்டை போட்டதால் சான்றில் உள்ள 600 கிலோ 1,000 கிலோ ஆகிவிடாது. பேட்டரி உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, உங்கள் உத்தரவாதப் புத்தகத்தில் திருத்தம் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். துணைப் பட்டைக்குக்கூட விற்பனையாளரின் சேவை மையத்தில் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இந்த வண்டியில் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குப் போகிறது. அதன் உத்தரவாதத்தை இரண்டு இரும்புப் பட்டைக்காக இழக்காதீர்கள்.

எடைமேடைச் சீட்டு நிரந்தரமாக 900 கிலோவையே காட்டுமானால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குத் தேவை வேறு வண்டி. டாடா ஏஸ் மின்வண்டி 2022-இல் வந்தபோது 600 கிலோ சுமைக்குத்தான் வந்தது. 2024-இல் ஒரு டன்னுக்கான ஏஸ் இவி 1000 தனியாக வந்தது. தேவை வேறு என்பதால்தான் தயாரிப்பாளரே வேறு வண்டி செய்தார். மாற்ற முடியாவிட்டால் இரண்டு நடையாகப் பிரியுங்கள். களத்திலிருந்து கொள்முதல் நிலையம் சில கிலோமீட்டர்தான். டீசலில் இரண்டாவது நடை வலிக்கும், மின்சாரத்தில் அந்த அளவுக்கு வலிக்காது.

சுமை 600 கிலோவுக்குள் இருந்தும் மதகு மேட்டில் இடிக்கிறது என்றால்தான் துணைப் பட்டைக்கு வேலை. இதை நான் செய்வது இப்படி. முதலில் பழைய தொகுப்பைக் கழற்றி, ஒவ்வொரு பட்டையாகத் துடைத்து, ஓரத்திலும் சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும் விரிசல் பார்ப்பேன். பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் ஆட்டம் கண்டிருந்தால் மாற்றுவேன். மின்சார வண்டியில் எஞ்சின் இரைச்சல் இல்லாததால், தேய்ந்த புஷ்ஷின் கிரீச்சொலி ஓட்டுநருக்கு முன்கூட்டியே கேட்டுவிடும். அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடிபட்ட ரப்பருக்குப் பதில் அதே அளவில் புது ரப்பர். இவ்வளவும் செய்தாலே பல வண்டிகளில் சத்தம் நின்றுவிடுகிறது. துணைப் பட்டையே தேவைப்படுவதில்லை.

தேவைப்பட்டால், தொகுப்பின் அடியில் நேரான ஒரு பட்டை. மேலே உள்ள பட்டைகளைப் போல வளைவு இல்லாததால், காலியாக இருக்கும்போது அதன் முனைகள் எதையும் தொடாமல் சும்மா இருக்கும். சுமை ஏறி மேல் பட்டை நிமிரும்போதுதான் வந்து தாங்கும். எப்போது தொட வேண்டும் என்பதை உங்கள் நாற்பது கிலோ மூட்டையை வைத்தே பார்க்கலாம். எட்டு மூட்டை வரை முனையில் ஒரு தாள் தாராளமாக நுழைய வேண்டும். பத்து மூட்டையில், அதாவது 400 கிலோவில், தாள் பிடிபட வேண்டும். ஐந்து மூட்டையிலேயே பிடிபட்டால் பட்டையில் வளைவு அதிகம். கழற்றி வேறு பட்டை கேளுங்கள். காலி வண்டியில் அச்சுக்கும் ரப்பருக்கும் உள்ள இடைவெளி, முன்பு அளந்ததைவிட, இடையில் சேர்ந்த அந்தப் பட்டையின் தடிமனுக்கு மேல் கூடக் கூடாது. அது கூடியிருந்தால் பிரேக் வால்வின் கணக்கு மாறிவிட்டது என்று பொருள்.

யு போல்ட்டைப் பழையதையே மறுபடி போடக் கூடாது, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி. ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது. புது போல்ட்டை மூலைவிட்டமாக மாற்றி மாற்றி, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு சுமையோடு நிறுத்தி மறுபடி முறுக்க வேண்டும். இந்த இரண்டாவது முறுக்கலுக்குத்தான் யாரும் வருவதில்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைக்கிறேன்.

விளக்கையும் பார்த்துவிடுங்கள். 2.1 மீட்டர் அச்சு இடைவெளியில் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்தால், 30 மீட்டர் தொலைவில் முன்விளக்கின் ஒளி 70 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். விடியற்காலை சந்தைக்குப் போகும்போது எதிரே சைக்கிளில் பால் கேனோடு வருகிறவரின் கண்ணில் அது நேராக அடிக்கும். விளக்கைத் தாழ்த்தும் திருகு உங்கள் வண்டியில் இருந்தால், சுமை ஏற்றும் நாளில் அதைப் பயன்படுத்துங்கள். டயர் காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கே வையுங்கள். குறைந்த காற்றில் டயரும் சூடாகும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். அளவில் பெரிய டயர் போட வேண்டாம். வேகமானியும் மிச்சத் தூரக் கணக்கும் பொய்யாகிவிடும்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்போ மீனோ ஏற்றுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு: பட்டைகளுக்கு நடுவே புகுகிற உப்புநீர்தான் உங்கள் எதிரி. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் பட்டை இடுக்கில் விட்டுக் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயைப் பேட்டரி இணைப்புப் பக்கம் திருப்பாதீர்கள்.

தம்பி, நீங்கள் முதலில் எடைமேடைச் சீட்டையும், காலி, ஐந்து, பத்து, பதினைந்து மூட்டைக்கான எட்டு அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். இடது நான்கு, வலது நான்கு. ரப்பரின் அடிப்பகுதியைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. அளவு எழுதிய தாளைத் தூக்கிப் போடாமல் வண்டிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருங்கள். அடுத்த தாளடி அறுப்பு முடிந்ததும், அதே நாற்பது கிலோ மூட்டைகளை ஏற்றி மறுபடி அளந்து, பட்டை எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.